மகளுக்கு 14, பாலே தான் எண்டு நிக்கிறா. அடுத்தது கொழும்பா, வெளிநாடா, இல்லாட்டி ஓ/எல் முடியட்டுமா?

உப்புவெளி_அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். இந்த விஷயத்தைத் திருகோணமலையில ஆரிட்டக் கேக்கிறது எண்டே தெரியேல்ல, அதான் இஞ்ச போடுறன், கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கோ.

மகளுக்கு இப்ப 14, ஒன்பதாம் ஆண்டு படிக்கிறா. நாங்க வெள்ளவத்தையில இருந்த காலத்தில பக்கத்து வீட்டுப் பிள்ளையோட சேந்து ஏழு வயசில பாலே கிளாஸுக்குப் போகத் துவங்கினவ, நானும் சும்மா உடம்பு வளையட்டும் எண்டு தான் விட்டனான். பிறகு எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்து ஊரோட வந்திட்டம். இஞ்ச வந்தா தானா விட்டிடுவா எண்டு பாத்தா விடேல்ல. கிழமை நாளில வீட்ட யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு செய்வா, டீச்சர் சூமில பாத்துத் திருத்துவா, சனி ஞாயிறு கொழும்பில கிளாஸ். வெள்ளி இரவு பஸ் ஏறினா விடியக்காலமை அக்கா வீட்ட, ஞாயிறு பின்னேரம் திரும்பவும் பஸ். ஆர்ஏடி (லண்டன் ரோயல் அகடமி ஒஃப் டான்ஸ்) நடத்துற பாலே எக்ஸாமில இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன் டிஸ்டிங்ஷனோட பாஸ், இப்ப இன்டர்மீடியட்டுக்கு ஆயத்தம். விரல் நுனியில நிண்டு ஆடுற பொயின்ட் சப்பாத்தும் போட்டு ஆடுறா. பரதமும் சின்னனில இருந்து பழகுறவ தான், அரங்கேற்றம் இன்னும் வைக்கேல்ல. கேட்டா "அம்மா அது பிடிக்கும், இது தான் வேணும்" எண்டுறா.

இப்ப டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிட்டா, இப்பிடியே போனா நல்லா ஆடுற ஒரு பிள்ளையா இருப்பா, தொழிலா எடுக்கிறதெண்டா இந்த வருஷத்துக்குள்ள ஒரு முடிவு எடுக்கோணும் எண்டு. அதில இருந்து எனக்கும் இவருக்கும் நித்திரை இல்லை. பத்தாம் ஆண்டுக்குக் கொழும்பில ஒரு பாடசாலை பாத்து அக்கா வீட்ட விடலாம். இல்லாட்டி ஓ/எல் (பதினோராம் ஆண்டுப் பொதுப் பரீட்சை) மட்டும் இப்பிடியே ஓட்டிப்போட்டு பிறகு வெளியில அனுப்பலாம், கனடாவில ஸ்காபுரோவில மாமா இருக்கிறார், சூரிச்சில என்ட மச்சாள் இருக்கிறா. மூண்டாவது தான் இப்ப தலையிடி: லண்டன்ல ஒரு பெரிய ஸ்கூல்ட சமர் இன்டென்சிவ்வுக்கு (கோடை விடுமுறைத் தீவிரப் பயிற்சி) வீடியோ அனுப்பினம், எடுத்திட்டினம். ரெண்டு கிழமை. ஃபீஸ், டிக்கெட், விசா, கூடப்போற ஆளுக்குச் செலவு எல்லாம் கூட்டினா மேல்மாடி கட்டச் சேத்த காசு சரி. மகள் அந்த ஈமெயிலை பிரிண்ட் எடுத்து அலுமாரியில ஒட்டி வைச்சிருக்கிறா, பாக்கப் பாக்க எனக்கு வயித்தைக் கலக்குது.

அந்த ரெண்டு கிழமைக்கு அவ்வளவு காசு குடுக்கிறது உண்மையில ஒரு வழியைத் திறக்குமா? 14 வயசில எங்க இருக்கோணும் ஒரு பிள்ளை? தெரிஞ்ச ஆக்கள் நேரா சொல்லுங்கோ, மனசு நோகும் எண்டு பாக்கவேணாம்.

கன்னியா_சித்தப்பா:

தங்கச்சி நேரா சொல்லச் சொன்னதால சொல்லுறன். பாலேக்கு இந்த நாட்டில மாதச் சம்பளம் தாற கம்பனி ஒண்டும் இல்லை. பிள்ளை பரதம் பழகுறா எண்டு நீங்களே சொல்லுறீங்க, உயர்தரத்தில (ஏ/எல்) நடனம் எடுத்தா மட்டக்களப்பில சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில இராமநாதன் பேரில நுண்கலைப் பீடம் இருக்கு, டிகிரி முடிச்சா நடன ஆசிரியரா அரசாங்க வேலைக்கு ஒரு வழி இருக்கு, ஊரோடயே இருக்கலாம். ருக்மிணி தேவி அருண்டேல் கூட முதல்ல பாலே தான் பழகினவ, ரஷ்யப் பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாட குழுவில ஆடின கிளியோ நோர்டியிட்ட. உங்கட நாட்டு நடனத்தைப் போய்ப் பாருங்கோ எண்டு பாவ்லோவா சொல்லித் தான் அவ இந்தப் பக்கம் திரும்பினது, 1936 இல கலாக்ஷேத்ரா வந்தது. நான் பிள்ளைட ஆசையைக் குறை சொல்லேல்ல. 35 வயசில முடியிற தொழிலுக்கு வீட்டுக் காசை ஏன் எரிக்கிறீங்க எண்டு தான் கேக்கிறன்.

கொழும்பு_பார்_டீச்சர்:

சித்தப்பா சொன்ன ருக்மிணி தேவி கதை சரி, ஆனா அவ பாலே பழகேக்க வளந்து கலியாணம் முடிச்ச பொம்பிளை, இந்தப் பிள்ளை ஏழு வயசில துவங்கினது. அந்தக் கதையை வைச்சு இதைத் தீர்க்க ஏலாது. சம்பள விஷயத்தில நீங்க சொல்லுறது முழுக்க உண்மை, அதைப் பிள்ளைக்கும் சொல்லோணும்.

அக்கா, நான் பாலே படிப்பிக்கிறனான், உங்கட டீச்சர் ஆரெண்டு தெரியாது, அதால அவவை விட்டிட்டுப் பொதுவா சொல்லுறன். முதல்ல இந்த எக்ஸாம் விஷயம். எங்கட அம்மாமார் இன்டர்மீடியட், அட்வான்ஸ்ட் ஃபவுண்டேஷன், அட்வான்ஸ்ட் 1, 2 எண்டு ஓ/எல், ஏ/எல் மாதிரி படியா நினைக்கினம், கடைசிப் படி ஏறினா வேலை எண்டு. அப்பிடி இல்லை. எந்த கம்பனி டைரக்டரும் சேட்டிஃபிகேட் கேக்கமாட்டார், கிளாஸில விட்டு ஒண்டரை மணித்தியாலம் பாப்பார். எக்ஸாம் நல்லது, ஒழுங்கைத் தரும், ஆர்ஏடி ஆக்களின்ட ஃபொண்டெய்ன் போட்டிக்குப் போக உதவும் (1931 இல ஜெனே போட்டியெண்டு துவங்கினது தான் இப்ப அந்தப் பேரில நடக்குது), ஆசிரியரா வாறதெண்டா கட்டாயம் வேணும். ஆனா வருஷத்தில பாதி அந்த ஒரு சிலபஸ்ஸையே திருப்பித் திருப்பிச் செய்தா பிள்ளை அந்த டான்ஸை மட்டும் வடிவா ஆடும், புதுசா ஒரு என்ஷெயின்மொன் (அசைவுகளைக் கோத்த தொடர்) குடுத்தா திகைச்சு நிக்கும். ஓடிஷனில குடுக்கிறது எல்லாம் புதுசு தான்.

இப்ப வயசு. ரஷ்யாவில வகானோவா அகடமியில பத்து வயசளவில எடுத்து எட்டு வருஷம் படிப்பிக்கிறாங்க. லண்டன்ல ரோயல் பாலே ஸ்கூல் 11 இல இருந்து 16 மட்டும் ரிச்மண்ட் பார்க் வைட் லொட்ஜில, பிறகு 16 இல இருந்து 19 மட்டும் கொவென்ட் கார்டன்ல அப்பர் ஸ்கூல். உங்கட பிள்ளைக்கு அந்த முதல் வாசல் பூட்டியாச்சு, கவலைப்படவேணாம், எங்கட நாட்டுப் பிள்ளைகளுக்கு அது எப்பவும் பூட்டினது தான். திறந்து கிடக்கிறது 16 வயசு வாசல். பெரிய ஸ்கூல் கனபேர் அந்த வயசில உலகம் முழுக்க இருந்து புதுசா எடுக்கினம், வெளிநாட்டுப் பிள்ளைக்கு முதல் சுற்று வீடியோவில, பிறகு நேர போகோணும். அப்ப உங்களுக்கு இருக்கிற காலம் ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷத்தில கிழமைக்கு எத்தினை மணித்தியாலம், ஆரின்ட கண்ணுக்கு முன்னால, எப்பிடியான நிலத்தில எண்டது தான் கேள்வி, மற்றதெல்லாம் பிறகு.

வெளியில இந்த வயசுப் பிள்ளைகள் கிழமையில ஆறு நாள், 15 மணித்தியாலத்துக்கு மேல ஆடுதுகள். டெக்னிக், பொயின்ட், வேரியேஷன் (பெரிய பாலேயில இருந்து எடுத்த தனி ஆட்டம்), கன்டெம்பரறி, உடம்பைப் பலப்படுத்துற பயிற்சி எல்லாம் சேத்து. மிஸ்டி கோப்லண்ட் 13 வயசில துவங்கி 2015 இல அமெரிக்கன் பாலே தியேட்டரில முதன்மை ஆட்டக்காரியா வந்தவ, பிந்தித் துவங்கினா ஏலாது எண்டு ஆரும் சொன்னா அவவைத் தான் எல்லாரும் காட்டுவினம். ஆனா அவ டீச்சர் வீட்டிலயே தங்கி நாளும் பொழுதும் அதே வேலையா நிண்டவ எண்டதைச் சொல்லமாட்டினம். இந்தியாவிலயும் கமல் சிங் எண்ட டெல்லிப் பொடியன் 17 வயசில துவங்கி 2020 இல இங்லிஷ் நேஷனல் பாலே ஸ்கூலுக்குப் போனவன், மும்பையில இருந்து அமீருத்தீன் ஷா 2017 இல ரோயல் பாலே ஸ்கூலுக்கு. சந்தோஷமான கதைகள், ஆனா ரெண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள். பாலேயில பொடியனுக்குத் தட்டுப்பாடு, பெட்டையளுக்கு ஒரு இடத்துக்கு அடிபிடி. இதை ஒருத்தரும் பெட்டைப் பிள்ளைகளின்ட அம்மாவுக்குச் சொல்லுறதில்லை, எனக்கு அதில சரியான கோபம்.

சமர் இன்டென்சிவ்: அவையிட்ட ஈமெயில் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ, "இந்த ரெண்டு கிழமையில பிள்ளையைப் பாத்து முழுநேரப் படிப்புக்கு எடுக்கிற வழக்கம் இருக்கா, இல்லாட்டி அதுக்குத் தனி ஓடிஷனா?" எண்டு. தனி ஓடிஷன் எண்டு பதில் வந்தா அது படிப்பும் அனுபவமும், கதவு இல்லை. கெட்டதில்லை, பிள்ளை தன்ட வயசுக்காரரோட ஒரே அறையில நிண்டு பாத்தா நிறைய விளங்கும். ஆனா அதே காசு கொழும்பில ஒரு வருஷம் மேலதிக கிளாஸுக்கும் பொயின்ட் சப்பாத்துக்கும் காணும். நானெண்டா இந்த வருஷம் அதுக்குப் போகச் சொல்லமாட்டன், 15 முடிய போகச் சொல்லுவன், அதுவும் ஓடிஷனோட சேந்து வாறதெண்டா மட்டும்.

பெரிய பிள்ளைகளோட நிண்டா எப்பிடியிருக்கும் எண்டு காசில்லாமலே பாக்கலாம். சுவிஸில ப்ரி டு லோசான் எண்ட பாலேப் போட்டி 1973 இல இருந்து நடக்குது, 15 இல இருந்து 18 வயசுக்காரருக்கு, வருஷா வருஷம் தை கடைசி மாசி முதல் பக்கம், கிளாஸ் நடக்கிறதையே இன்டர்நெட்டில நேரடியா விடுவாங்க. பிள்ளையை இருத்தி அதைப் பாருங்கோ, டான்ஸை விட கிளாஸைப் பாருங்கோ. அவவுக்கே தெரியும் தான் எங்க நிக்கிறா எண்டு. பாத்திட்டு அழுதா பரவாயில்லை, அடுத்த நாள் திரும்பவும் கம்பியைப் பிடிக்கிறாவா எண்டு பாருங்கோ.

திருமலை_பிசியோ:

டீச்சர் நிலம் எண்டு ஒரு சொல் சொல்லிட்டுப் போயிட்டா, நான் அதில இருந்து துவங்குறன். அம்மா, பிள்ளை வீட்ட எதுக்கு மேல ஆடுது? டைல்ஸா, சீமெந்தா? அதில பாய்ஞ்சு பாய்ஞ்சு இறங்கினா முழங்கால் கீழ முன் எலும்பு நோகத் துவங்கும், அதை சும்மா நோ எண்டு விட்டா எலும்பில கீறல் விழுற அளவுக்குப் போகும், பாலே ஆடுற ஆக்களுக்கு அந்த முன் எலும்பிலயும் பாதத்தின்ட ரெண்டாவது நீள எலும்பிலயும் வாறது வழக்கம். பரதக் கிளாஸில சீமெந்து நிலத்தில தட்டுறதும் அதே காலுக்குத் தான் போகுது, ரெண்டு டீச்சரும் தங்கட கணக்கை மட்டும் பாப்பினம், மொத்தக் கணக்கு அம்மா தான் பாக்கோணும்.

வழி இருக்கு, பெரிய செலவில்லை. ஒரு ஓடாவியைப் பிடிச்சு, கீழ றப்பர் இல்லாட்டி கட்டியான ஃபோம் துண்டுகளை இடைவெளி விட்டு ஒட்டி, அதுக்கு மேல எட்டுக்கு நாலு ப்ளைவுட் ரெண்டு அடுக்கு, மேல் அடுக்கின்ட பொருத்து கீழ் அடுக்கின்ட பொருத்தோட ஒரே கோட்டில வராமப் போட்டு, மேல வழுக்காத வைனல். அறைக்குள்ள பன்ரெண்டடிக்கு எட்டடி வந்தாக் காணும். யன்னல் கம்பியை விட்டிட்டு இடுப்புயரத்துக்கு ஒரு மரத்தடி அடிச்சுக் குடுங்கோ. கம்பி உயரமா இருந்தா தோள் தூக்கும், பிறகு அந்தத் தோளை இறக்க வருஷம் எடுக்கும்.

டேர்ன்அவுட். கால் வெளியால திரும்புறது இடுப்பு மூட்டில இருந்து வரோணும். நிலத்தில பாதத்தை ஊண்டி முறுக்கி 180 பாகை காட்டுற பிள்ளைகள் இருக்கு, ஃபோட்டோவுக்கு வடிவு, முழங்காலுக்கு நாசம். குப்புறப் படுக்க வைச்சு இடுப்பில எவ்வளவு திரும்புது எண்டு ஒரு பிசியோ அளந்து சொல்லுவார், அதை விடக் கனக்க நிண்டு காட்டினா எங்கயோ ஏமாத்து நடக்குது எண்டு அர்த்தம். பொயின்ட்டுக்கும் சின்னச் சோதனை ஒண்டு இருக்கு, பாதத்தை நீட்டச் சொல்லிப்போட்டு கணுக்காலுக்கு மேல ஒரு பென்சிலைக் கால் முன் எலும்பில இருந்து பாதம் வரைக்கும் வைச்சுப் பாருங்கோ, நேரா படுத்தா சரி, இடையில இடிச்சுத் தூக்கினா கணுக்கால் வளைவு காணாது, அதோட பொயின்ட்டில ஏறினா பின்னால நசியும்.

14 வயசு எண்டா இன்னும் வளரலாம். வளர்ற மாசங்களில எலும்பு முந்தி, தசை பிந்தி, நேற்று ஏறின கால் இண்டைக்கு ஏறாது, சுத்தினா விழும். பிள்ளை தனக்குத் திறமை போட்டுது எண்டு அழும், டீச்சர் அலட்சியம் எண்டு ஏசுவா. ஒண்டுமில்லை, பாய்ச்சலைக் குறைச்சு ஆறு மாசம் பொறுத்தா வரும்.

இன்னொண்டு, ஆம்பிளையள் வாசிக்கிற இடம் எண்டாலும் எழுதுறன். 15 வயசு முடிஞ்சும் பெரியபிள்ளை ஆகாட்டி டொக்டரிட்டக் காட்டோணும், ஆனவ மூண்டு மாசம் தொடர்ந்து வராட்டியும் காட்டோணும். மெலிஞ்சிருக்கோணும் எண்டு சாப்பாட்டைக் குறைச்சா எலும்பு தான் முதல்ல போகும், இதை 2014 இல ஒலிம்பிக் கமிட்டிக்காரரே ஒரு நோய்க்கூட்டமாப் பேர் வைச்சு அறிவிச்சவை. மத்தியானம் சோறு மீன் வேணாம் எண்டு ஒரு பிள்ளை சொல்லத் துவங்கினா அதைக் கட்டுப்பாடு எண்டு புகழாதேங்கோ.

கன்னியா_சித்தப்பா:

பிசியோ தம்பி சொல்லுறதைக் கேட்டா பரதத்துக்கும் அந்த ப்ளைவுட் நிலம் போடோணும் போல. எங்கட கோயில் மண்டபம் முழுக்கக் கருங்கல்லு.

நிலாவெளி_பிள்ளை:

அன்ரி, நான் உங்கட மகள் போற பாதையில போய் 17 இல நிப்பாட்டினனான், இப்ப 24. அப்பா அம்மா இஞ்ச, நான் கொழும்பில சொந்தக்காரர் வீட்ட. டீச்சரும் பிசியோ அண்ணாவும் சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம் சொல்லுறன்.

இரவு பஸ்ஸை நிப்பாட்டுங்கோ. ஹபரணை தாண்டிக் குருணாகல் வரைக்கும் அந்த சீட்டில மடங்கிக் கிடந்திட்டு விடிய எட்டு மணிக் கிளாஸில கிராண்ட் பாட்மொன் எண்டு காலை உயர எறிஞ்சா இடுப்பு எப்ப இழுபடும் எண்டு சொல்ல ஏலாது. எனக்கு அப்பிடித் தான் தொடையின்ட பின் தசை கிழிஞ்சது. போறதெண்டா வெள்ளி மத்தியானமே பாடசாலையில லீவு கேட்டுப் போகட்டும், இல்லாட்டி கொழும்போட இருக்கட்டும், ரெண்டும்கெட்டான் வேணாம்.

மற்றது, கொழும்பில விடுறதெண்டா பெரியம்மா வீட்ட எண்டு மட்டும் யோசிக்காதேங்கோ, ஸ்டூடியோவுக்கு எவ்வளவு தூரம் எண்டு பாருங்கோ. கோல் றோட் ட்ரஃபிக்கில நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் போனா படிப்பு போகும், நித்திரை போகும். கிளாஸ் முடிய இரவு எட்டரைக்கு ஆர் கூட்டிக்கொண்டு வாறது? என்ட பெரியம்மாவுக்கு அது தான் பெரிய பிரச்சினையா வந்தது, நான் ஒண்டும் சொல்லாம அழுதிட்டு இருப்பன், பிறகு ஒரு நாள் வீட்ட வந்திட்டன். காசோ திறமையோ முடிஞ்சு நான் விடேல்ல, ஆரும் இதைக் கேக்கிறதில்லை.

விட்டது வீணாவும் போகேல்ல. இப்ப சின்னப் பிள்ளைகளுக்கு மூவ்மென்ட் கிளாஸ் எடுக்கிறன், ஆர்ஏடி ஆசிரியர் தகைமைக்குப் படிக்கிறன். ஏ/எல்லும் செய்து வைச்சதால தான் அந்தக் கதவு கிடைச்சது, அதனால ஓ/எல்லை மட்டும் விடவிடாதேங்கோ.

ஸ்காபுரோ_தம்பி:

மாமா இஞ்ச இருக்கிறார் எண்டதால ஒரு தகவல். டொரொன்டோவில ஜார்விஸ் ஸ்ட்ரீட்டில கனடாவின்ட நேஷனல் பாலே ஸ்கூல், 1959 இல துவங்கினது, ஆறாம் வகுப்பில இருந்து பன்ரெண்டு வரைக்கும் படிப்பும் பாலேயும் ஒரே கட்டிடத்தில. முதல் ஓடிஷன்ல பிடிச்சா ஜூலையில சமர் ஸ்கூலுக்குக் கூப்பிடுவினம், அது தான் ரெண்டாம் சுற்று, அங்க பாத்துத் தான் முழுநேரத்துக்கு எடுக்கிறது. டீச்சர் கேக்கச் சொன்ன கேள்விக்கு "ஓம்" எண்டு பதில் வாற இடம் இது. ஆனா மாமா வீட்ட படுத்தெழும்பினா மட்டும் காணாது, ஸ்டடி பெர்மிட் எடுக்கோணும், 17 வயசுக்குக் கீழ தாய் தகப்பன் இல்லாம வந்தா பொறுப்பாளர் எண்டு ஒராள் சட்டப்படி கையெழுத்து வைக்கோணும். மாமாவோட இப்பவே கதையுங்கோ, கலியாண வீட்டில கேக்கிற மாதிரி இல்லாம இருந்து கதையுங்கோ.

சூரிச்_மாமி:

தங்கச்சி, மச்சாள் சூரிச்சில எண்டு போட்டிருக்கிறீங்க, அதால வந்தன். என்ட அக்காட பேத்தி இஞ்ச டான்ஸ் அகடமியில இருக்கிறா, அதில தெரிஞ்சுகொண்டது.

இஞ்ச பாலேயைக் கலை எண்டு ஒரு பக்கம் தள்ளி வைக்கிறதில்லை. தச்சு வேலை, நேர்ஸ் வேலைக்குத் தொழிற்கல்வி முடிச்சு அரசாங்கச் சான்றிதழ் எடுக்கிற மாதிரி மேடை நடனக்காரருக்கும் இஎஃப்ஸெட் எண்டு ஒரு சான்றிதழ் இருக்கு. சூரிச் டான்ஸ் அகடமி கலைப் பல்கலைக்கழகத்தோட சேந்தது, அங்க அதைப் படிக்கலாம். ஆட ஏலாமப் போனாலும் கையில ஒரு தொழில் முடிச்ச தாள் இருக்கும். இதைக் கேட்டபிறகு தான் எங்கட அத்தான் வாயை மூடினவர்.

பக்கத்தில ஜேர்மனி. ஸ்டுட்கார்ட்டில ஜோன் கிராங்கோ ஸ்கூல், 1971 இல துவங்கினது, 2020 இல புதுக் கட்டிடத்துக்குப் போச்சு, அங்க இருந்து நேர ஸ்டுட்கார்ட் பாலேக்குப் போற பிள்ளைகள் இருக்கு. ஹம்பேர்க், ட்றெஸ்டன், பெர்லின் எல்லாத்திலயும் ஸ்கூல் இருக்கு, அரசாங்கக் காசில ஓடுற இடங்கள் எண்டதால லண்டன் தனியார் ஃபீஸோட பாத்தா வேற உலகம். அதை விட முக்கியம் வேலை. ஜேர்மனியில பெரிய நகரம் மட்டுமில்லை, நடுத்தர நகரத்துத் தியேட்டரும் தனக்கெண்டு ஒரு டான்ஸ் குழு வைச்சு மாதச் சம்பளம் குடுக்குது. கொவென்ட் கார்டனும் பாரிசும் மட்டும் தான் பாலே எண்டு நினைச்சா இடமே இல்லைப் போல தெரியும், இந்தச் சின்னத் தியேட்டர்களை எண்ணினா கொஞ்சம் மூச்சு வரும். ஆனா ஐரோப்பியப் பாஸ்போட் இல்லாத ஆளை எடுக்க அவைக்கு எழுத்து வேலை கூட, அந்தத் தடை உங்கட பிள்ளைக்கு இருக்கும், மறைக்கமாட்டன்.

லோசான் இஞ்ச இருந்து ரெண்டேகால் மணித்தியால ட்ரெயின். அந்தப் போட்டியில பரிசு எடுக்காத பிள்ளைகளையும் ஸ்கூல்காரர் பாக்கிறதுக்கெண்டு தனியா ஒரு கிளாஸ் வைக்கிறவை, அதில இருந்து இடம் கிடைச்சவையும் இருக்கினம். போட்டியில வெல்லுறதை விட அந்த அறைக்குள்ள போறது தான் பெரிசு. முதல் தெரிவு வீடியோவில தான், அதுக்கு ஊரில இருந்தே அனுப்பலாம்.

தோல் நிறமும் சொல்லோணும். பேத்திக்கு முந்தி ரோஸ் சப்பாத்தில முகத்துக்குப் பூசுற மேக்கப் ஃபவுண்டேஷன் பூசித் தான் மேடைக்கு விட்டனாங்க, பூசிப் பூசி அது நனைஞ்சு கெதியாச் சாகும். 2018 இல ஃப்ரீட் எண்ட சப்பாத்துக் கம்பனி, கறுப்பு, ஆசிய ஆட்டக்காரரின்ட பாலே பிளாக் குழுவோட சேந்து பிரௌன் நிறத்திலயே விட்டது, இப்ப வேற கம்பனிகளும் விடுகினம். உங்கட பிள்ளைக்கு ஓடர் போடேக்க கேளுங்கோ.

திருமலை_பிசியோ:

சப்பாத்து எண்டதும் ஒண்டு. துணியும் பசையும் சேத்து இறுக்கின சாமான் அது, எங்கட கடற்கரைக் காத்துக்கு மார்கழி மழையில காயாது, ஈரத்தோட போட்டா முனை இளகும், இளகின முனையில நிண்டா கணுக்கால் சரியும். பிளாஸ்டிக் பையில கட்டி வைக்காம ஃபேனுக்குக் கீழ தொங்க விடுங்கோ, ரெண்டு சோடி மாத்தி மாத்திப் போடட்டும். சூடான கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில பின்னேரம் நாலு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழ ஆடவிடாதேங்கோ, விடியப் புறம் செய்யட்டும், தண்ணியோட கொஞ்சம் உப்பும் போகட்டும்.

உப்புவெளி_அம்மா:

எல்லாருக்கும் என்ன சொல்லுறது எண்டே தெரியேல்ல. இவருக்கும் வாசிச்சுக் காட்டினன், சித்தப்பா எழுதினதுக்குத் தலையாட்டினார், பிறகு சூரிச் மாமி எழுதினதுக்கும் தலையாட்டினார்.

லண்டனுக்கு ஈமெயில் போட்டம். பதில் வந்திட்டு: முழுநேரத்துக்கு தனி ஓடிஷனாம். அப்ப இந்த வருஷம் வேணாம் எண்டு சொல்லிட்டம். மகள் ரெண்டு நாள் கதைக்கேல்ல, தாளை அலுமாரியில இருந்து கிழிக்கவும் இல்லை, இருக்கட்டும். நிலாவெளிப் பிள்ளை எழுதினதை அவவே வாசிச்சா, வாசிச்சிட்டு "பெரியம்மா வீட்ட இருந்து ஸ்டூடியோ எவ்வளவு தூரம்" எண்டு மேப்பில பாக்கிறா. பத்தாம் ஆண்டுக்குக் கொழும்பு எண்டு தான் போகுது, பாடசாலை அனுமதி கிடைச்சாத் தான் உறுதி. கிடைக்கும் மட்டும் வெள்ளி மத்தியான பஸ். பிசியோ தம்பி சொன்ன நிலத்துக்கு ஓடாவி வந்து அளந்திட்டுப் போயிட்டார், எதுக்கெண்டு சொல்ல ஒரு மாதிரி சிரிச்சார்.

டீச்சரிட்ட ஒரு கேள்வி. ஓ/எல் 2025, 2026 இல பெப்ரவரி, மார்ச் பக்கம் வந்தது. மகளுக்கும் அப்பிடி வந்தா நீங்க சொல்லுற ஓடிஷனும் லோசானும் அதே காலம். ரெண்டையும் எப்பிடிச் சமாளிக்கிறது? மற்றது, வீடியோ எப்பிடி எடுக்கோணும்? லண்டனுக்கு அனுப்பினது மகளே ஃபோனில எடுத்து பாட்டெல்லாம் போட்டு எடிட் பண்ணினது.

கொழும்பு_பார்_டீச்சர்:

அந்த இடி எனக்கும் தெரியும், என்ட பிள்ளைகளுக்கும் அது தான் வில்லங்கம். ஓ/எல் வருஷத்தில நேர போற ஓடிஷன் வைக்காதேங்கோ. வீடியோவை அதுக்கு முந்தின ஐப்பசி, கார்த்திகைக்குள்ள அனுப்பி முடியுங்கோ. நேர கூப்பிட்டா திகதி மாத்தித் தரக் கேளுங்கோ, நாட்டுப் பொதுப் பரீட்சை எண்டு பாடசாலைக் கடிதத்தோட எழுதினா கேட்டுப் பாக்கிற ஸ்கூல் இருக்கு. மாத்தாத இடமெண்டா அடுத்த வருஷம் 17 இல பாக்கலாம், லோசானுக்கு 18 வரைக்கும் வயசு இருக்கு, ஸ்கூல்களுக்கும் 17 இல எடுக்கிற ரெண்டாம் வருஷ இடம் சில வேளை இருக்கும், குறைவு தான். ஒரு வருஷம் பிந்தினா குடி முழுகாது, ஓ/எல் இல்லாமப் போய் கால் உடைஞ்சு திரும்பி வந்தா தான் கஷ்டம்.

வீடியோ: பாட்டு, எஃபெக்ட், ஸ்லோமோஷன் எல்லாம் வெட்டுங்கோ. ஃபோனைக் கிடையா, அவட இடுப்புயரத்துக்கு ஸ்டாண்டில வையுங்கோ, கையில பிடிச்சுக்கொண்டு பின்னால ஓடவேணாம். தலையில இருந்து கால் விரல் வரைக்கும் எந்த நேரமும் தெரியோணும், முனை வெட்டுப்பட்டா பாக்கிறவர் அடுத்த பிள்ளைக்குப் போயிடுவார். உடம்போட ஒட்டின கடும் நிற லியோடார்ட், ரோஸ் இல்லாட்டி தோல் நிற டைட்ஸ், பாவாடை வேணாம், காலை மறைக்கும். பின்னால வெறும் சுவர், காயப்போட்ட உடுப்பும் சாமிப்படமும் தெரியக்கூடாது. பார் வேலை (கம்பியைப் பிடிச்சுச் செய்யிறது) ஒரு பக்கம் காணும், ப்லியே (முழங்கால் மடக்கிறது), டொண்டு (காலை நீட்டுறது), அடாஜியோ (மெதுவாச் செய்யிறது), பக்கவாட்டில நிண்டு எடுங்கோ. நடுவில சுத்துறது ரெண்டு பக்கமும், சின்னப் பாய்ச்சல், பெரிய பாய்ச்சல், பிறகு பொயின்ட், கடைசியில ஒரு வேரியேஷன். ஒரு பயிற்சிக்குள்ள வெட்டி ஒட்டவேணாம், பிழைச்சா முழுசாத் திருப்பி எடுங்கோ. ஒவ்வொரு ஸ்கூலும் தான் என்ன கேக்குது எண்டு பட்டியல் போட்டிருக்கும், அதுக்கு மேல ஒண்டும் அனுப்பாதேங்கோ.

இன்டர்மீடியட் எக்ஸாம் முடியட்டும், பிறகு முதல் வீடியோ எடுத்துப் பாருங்கோ, ஆருக்கும் அனுப்ப இல்லை, உங்கட டீச்சரோட இருந்து பாக்க. ஆறு மாசத்தால அதே பட்டியலைத் திரும்ப எடுத்து பக்கத்தில வைச்சா டீச்சரே சொல்லுவா ஏறியிருக்கா இல்லையா எண்டு.